முன்யன்னலைக் கழற்றிவிட்டேன், தம்பி

தம்பி, நானும் அம்மாவும் சுகம். வீட்டுக்குத்தான் சுகமில்லை. முன்சுவரில் சாந்து பெயர்ந்து, உள்ளே கிடக்கும் சுண்ணக்கல் தெரிய, வாயில் அடிபட்டவனைப் போல நிற்கிறது. அடித்தவன் நான். "என்ரை கலியாணம் முடியுமட்டும் அந்த யன்னல்களிலை கைவைக்காதேங்கோ அப்பா, பொம்பிளை வீட்டாக்கள் வருகினம்" என்று நீ போன கிழமை தொலைபேசியில் சொன்னது எனக்கு நன்றாகவே கேட்டது. காது இன்னும் பழுதில்லை. கேட்டபிறகுதான் கைவைத்தேன். காரணத்தைத் தொலைபேசியில் சொல்ல வெளிக்கிட்டால் நீ "சரி சரி அப்பா" என்பாய், நான் கத்துவேன், அம்மா கட்டிலில் இருந்தபடி "போனை இஞ்சை தாங்கோ" என்பா, கதை அதோடு முடியும். அதனால் எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்பைத் தாண்டாதவன். தென்னிலங்கையில் கடை மேசையில் பில் எழுதிப் பழகிய கை இது. சுருக்கமாக எழுதத்தான் நினைத்தேன். ஆனால் வயிற்றுக்குள் கிடக்கிற அருவருப்புச் சுருக்கமாக வெளியே வராதாம். எழுதி முடித்ததும் ஒரு பிரதியைக் கனடாவிலிருக்கிற உங்கள் ஊர்ச்சங்க மலருக்கும் அனுப்பப் போகிறேன். உன்னைப் போல யன்னல் மாற்றுகிற பிள்ளைகள் அங்கே இன்னும் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும்.

எங்கள் மடத்துவெளி ஒழுங்கையில் வீடுகளுக்குக் குறைவில்லை, ஆட்களுக்குத்தான் குறைவு. எங்களை விட்டால் ஆள் இருக்கிற வீடு மூலையில் ஒன்று. மற்றதெல்லாம் கனடா, சுவிஸ், லண்டன் காசில் வெள்ளை பூசி, அலுமினிய யன்னல் போட்டு, கேற்றில் தேங்காயளவு பூட்டுத் தொங்குகிற வீடுகள். பின்னேரத்தில் சம்பளத்துக்கு ஒருவர் வந்து லைற்றைப் போட்டுவிட்டுப் போவார், விடிய வந்து அணைப்பார். அந்த வீடுகளுக்கு நடுவில், போன வருசம் கிணற்றடியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த உன் அம்மா, முன்னறை யன்னலோடு போட்ட கட்டிலில் கிடந்துகொண்டு ஒழுங்கையை நடத்தினா. நடத்தினா என்பது என் பெருமைப் பேச்சு இல்லை. மீன்காரர் மோட்டார்சைக்கிளை நிறுத்தி, பெட்டியைத் திறந்து யன்னலுக்கு நேரே தூக்கிக் காட்டவேணும். தண்ணிப் பவுசர் லொறி வந்தால் அம்மாதான் முதலில் கண்டு என்னை எழுப்புவா. கோயிலுக்குப் பூப் பிடுங்குகிற பரமேஸ் எங்கள் செவ்வரத்தையில் கைவைத்தால் "எடியேய், மொட்டை விட்டிட்டுப் பூவைப் புடுங்கு" என்று உள்ளேயிருந்து குரல் போகும். பரமேஸ் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், பிறகு எந்தப் பூசையும் அவளுக்காகக் காத்திராது. சங்கக்கடைக்குப் போகிறவர்களும் பள்ளிக்கூடம் விட்டு வருகிற பெட்டைகளும் வீட்டுக்குள் வரமாட்டார்கள், எல்லாருக்கும் அவசரம். ஆனால் கம்பியைப் பிடித்து ஒரு வார்த்தை சொல்லாமல் போகமாட்டார்கள். கம்பிகளின் பச்சைப் பெயின்ற் நடுவில் தேய்ந்து இரும்பு மினுங்கியது அதனால்தான். படத்தில் பார்த்துவிட்டு "எல்லாம் கறள் பிடிச்சுப் போச்சப்பா" என்றாய். கறளுமில்லை, துருவுமில்லை, தம்பி. ஊராரின் கை.

உனக்குக் கெட்ட எண்ணம் இருந்ததென்று நான் சொல்லவில்லை. அம்மாவுக்குத் தூசியும் உப்புக் காற்றும் படக்கூடாது, கலியாணத்துக்கு வருகிறவர்களுக்கும் வீடு வடிவாகத் தெரியவேணும் என்று நினைத்துத்தான் யன்னல் மாற்றக் காசு அனுப்பினாய். பிழையின் பெரிய பாகம் என்னுடையது, அதையும் கேள். புது யன்னல் பொருத்திப் பூட்டுகிற பெடியன் யாழ்ப்பாணத்திலிருந்து கண்ணாடித் துண்டுகள் சிலதைக் கொண்டுவந்து முற்றத்தில் பிடித்துக் காட்டினான். நீ வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தாய். "அப்பா, நீங்களே ஒண்டைச் சொல்லுங்கோ" என்றாய். முகம் தெரிகிற கறுப்புக் கண்ணாடியை அவன் என் முன்னால் பிடித்தான். அதில் நான் நிறமாகவும் பல்லு நிறைந்தவனாகவும் இருந்தேன், வழுக்கை தெரியவில்லை. "இதுதான் நல்லம்" என்று சொன்னேன். "வெளியிலை நிக்கிறவைக்கு உள்ளுக்கு ஒண்டும் தெரியாது ஐயா, உள்ளுக்கு இருக்கிறவைக்கு எல்லாம் தெரியும்" என்று அவன் சொன்னது, ஏதோ அரசாங்கப் பதவி தந்தது போல இருந்தது எனக்கு.

அதோடும் நிற்கவில்லை. பழைய நிலைகளைப் பிடுங்கினபோது சுற்றிவரச் சாந்து பெயர்ந்தது. வந்த மேசன் வேலணைக்காரர். "அண்ணை, பூச்சுக்கு நல்ல தண்ணி வேணும்" என்றார். நல்ல தண்ணி பவுசரில் வருவது, குடிக்கவே காணாது. "அங்கை கிணத்திலை நிறையக் கிடக்கு, அள்ளு" என்று எங்கள் உவர்க் கிணற்றைக் காட்டினேன். "பேந்து உப்புப் பூத்தால் என்னைப் பேசப்படாது" என்று சொல்லிவிட்டு அள்ளினார். இப்போது ஒவ்வொரு யன்னலைச் சுற்றியும் புதுப் பூச்சில் வெள்ளையாக உப்புப் பூத்து, தேமல் வந்த முகம்போலக் கிடக்கிறது. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். கறிக்குப் போடலாம்.

வேலை நடந்த நாட்களில் தூசிக்குப் பயந்து, அம்மாவை வாடகை வான் பிடித்து ஏற்றி வேலணைச் சின்னம்மா வீட்டுக்குக் கொண்டுபோய் இருந்தோம் என்பது உனக்குத் தெரியும். நான் இடைக்கிடை வந்து வேலையைப் பார்த்துவிட்டுப் போவேன், வேலை முடிந்து பூச்சுக் காயுமட்டும் வீடு பூட்டிக் கிடந்தது. எல்லாம் முடிந்தபிறகு ஒரு பொழுதுபட்ட நேரத்தில் திரும்பி வந்து அம்மாவைப் பழையபடி கட்டிலில் ஏற்றினோம். விடிந்ததும் அவ தலையணையை உயர்த்தச் சொல்லி, ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டு ஆயத்தமாக இருந்தா. அன்றைக்கு ஒருவரும் நிற்கவில்லை. அடுத்த நாளும் நிற்கவில்லை. இது சோளகக் காற்றுக் காலம், வெளியில் காற்றின் இரைச்சல். கண்ணாடிக்கு றப்பர் வைத்து இறுக்கியிருக்கிறது, அம்மாவின் குரல் அதற்குள்ளேயே நின்றுவிடுகிறது. தலைமாட்டில் இருக்கிற பாதி அசையாது. கால்மாட்டில் இருக்கிற பாதியைத் தள்ளித் திறந்தால் மண் வந்து கண்ணுக்குள் விழுகிறது, மூடினால் அறை வெந்து போறணை அடுப்பாகிறது. கட்டிலைத் திருப்பிப் போட்டுப் பார்த்தோம், அதுவும் சரிவரவில்லை.

ஆனால் பார்க்கப் படம் இருந்தது, தம்பி. சத்தமில்லாத படம். அதைத்தான் நான் ஆயுளுக்கும் மறக்கமாட்டேன். எங்கள் ஊர்ச் சனம் தனியாக ஒரு கண்ணாடிக்கு முன்னால் நிற்கும்போது என்ன செய்யும் என்று நீ அறியாமலே செத்துப்போனால் அதிர்ஷ்டக்காரன். வெள்ளைச் சேட்டும் அதன் பையில் பேனையுமாக அரசாங்கக் கந்தோருக்குப் போகிற ஒருவர், சைக்கிளை எங்கள் சுவரில் சாத்திவிட்டுச் சின்னவிரலை மூக்குக்குள் விட்டு, எடுத்ததைப் பார்த்து, யோசித்து, எங்கள் யன்னல் நிலையில் துடைத்தார். நான் உள்ளே புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒரு இளந்தாரி முகப்பருவைப் பிதுக்கினான், அது கண்ணாடியில் தெறித்தது. பெரிய மனுசர் ஒருவர், நான் சபையில் எழும்பி மரியாதை செய்கிறவர், பல்லுச் செற்றைக் கழற்றிச் சால்வையில் துடைத்து, மணந்து பார்த்து, திரும்பப் போட்டார். தேர்தலில் நிற்க ஆசைப்படுகிற ஒருவர் கைகூப்பிச் சிரித்துப் பழகினார். அம்மாவுக்கு நேரே ஒரு முழம் தள்ளி நின்று, ஒருக்காப் பணிவாக, ஒருக்கா வீரமாக. முதல் இரண்டு நாளும் நானும் அம்மாவும் சிரித்துத்தான் கிடந்தோம். "இஞ்சருங்கோ, கெதியா வாங்கோ, அடுத்த ஆள் வருகுது" என்று கூப்பிடுவா. பிறகு ஒரு நாள் சாராயத்தில் வந்த ஒருவன் சாரத்தைத் தூக்கி, அம்மாவின் தலைமாட்டுச் சுவரில் மூத்திரம் பெய்துகொண்டே, கண்ணாடியில் தலைமயிரையும் ஒதுக்கினான். அம்மா முகத்தை மற்றப் பக்கம் திருப்பினா. நான் தடியை எடுத்துக்கொண்டு ஓடி வெளியே போனேன். அவன் பயப்படவில்லை. "நீங்களே ஐயா இந்த வீட்டைப் பாக்கிறது? சொந்தக்காரர் எப்ப வருவினம்?" என்று கேட்டான். சொந்தக்காரர் சாரத்தோடு, வெறும் மேலோடு, தடியோடு அவன் முன்னால் நிற்கிறார். அப்படி நின்றால் ஆர்தான் நம்புவார்கள்?

என்ன நடந்திருக்கிறது என்று அப்போதும் எனக்குப் பிடிபடவில்லை. மூளை மட்டு. மீன்காரர் எங்கள் வீட்டடியில் மோட்டார்சைக்கிள் கோணை ஊதாமல் போகிறார் என்று கோபித்துக்கொண்டு, ஒரு நாள் சந்தியில் மறித்தேன். ஊர்காவற்றுறைக்காரர், அந்தோனி என்று பெயர், அம்மாவோடு வாயாடாமல் ஒரு மீன் விற்றதில்லை. என்னைக் கண்டதும் அவர் முகம் போன போக்கு!

"அண்ணை! நீங்கள் போகேல்லையே?"

"எங்கை போறது?"

"கனடாவுக்கு. அக்காவையும் கூட்டிக்கொண்டு போட்டியள் எண்டல்லோ நான் நினைச்சனான்."

"உனக்கு ஆர் சொன்னது?"

"ஆர் சொல்லவேணும் அண்ணை? யன்னலைப் பாத்தால் தெரியாதே?"

அந்த இடத்திலேயே எனக்குச் சீ என்று போனது. ஒழுங்கையிலே புது யன்னல் வந்த ஒரு வீட்டைச் சொல்லு பார்ப்பம், ஆள் இருக்கிற வீடாக? பிள்ளை காசு அனுப்பும், யன்னல் மாறும், கிழடுகள் பிளேன் ஏறும், பூட்டு விழும். சனம் இதைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது. நாங்கள் வேலணையில் இருந்த நாட்களில் எங்கள் வீடும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டது. அந்தோனியும் அதன்பிறகு எனக்குச் சந்தியில் மீன் தந்தாரே தவிர, முகம் தெரியாத கண்ணாடியோடு கதைக்க வீட்டடியில் நிற்கவில்லை. பவுசர் சாரதியும் அப்படியே நினைத்து நிறுத்தாமல் போயிருக்கிறார். அம்மா உள்ளேயிருந்து கண்ணால் கண்டு கத்துகிறா, நான் பின்வளவில் நிற்கிறேன், பவுசர் போய்விட்டது. குடிதண்ணிக்கு மூலை வீட்டில் போய் வாளியோடு நின்றேன். வெட்கத்தைவிட அருவருப்புத்தான் கூட. யாரில் என்று கேட்காதே. கண்ணாடியில் தன் வடிவைப் பார்த்துத் தலையாட்டினவனில்.

ஆள் இருக்கிறதென்று காட்ட நான் பட்ட பாடு தனிப் பகிடி. என் சாரத்தை முன்கேற்றில் காயப்போட்டேன். வேலைக்காரரின் சாரம் என்று நினைத்திருப்பார்கள். றேடியோவைப் பெரிதாகப் போட்டேன். அம்மாவுக்குத்தான் தலையிடி வந்தது. கடைசியில் சுண்ணாம்பைக் குழைத்து, கண்ணாடியில் "உள்ளே ஆட்கள் இருக்கிறோம்" என்று பெரிய எழுத்தில் எழுதினேன். விடியப் பார்த்தால் கீழே ஆரோ விரலால் எழுதியிருக்கிறான்: "வெளியிலும் இருக்கிறோம்." அம்மா அதைக் கேட்டுச் சிரிப்பா என்று போய்ச் சொன்னேன். சிரிக்கவில்லை. "அழிச்சுவிடுங்கோ, பிள்ளை வரேக்கை வீடு வடிவாக் கிடக்கவேணும்" என்றா. அன்றைக்கே அழித்துவிட்டேன்.

உன் அம்மா உன்னை விட்டுக்கொடுக்கமாட்டா, அதையும் நீ அறியவேணும். கழற்றுவம் என்று நான் சொன்ன நேரமெல்லாம் "கலியாணம் முடியட்டும். அந்தப் பிள்ளையின்ரை ஆக்களுக்கு முன்னாலை எங்கடை பெடியனுக்கு வெக்கக்கேடு வேண்டாம்" என்றுதான் சொன்னா. நாங்கள் இடம்பெயர்ந்து திரும்பி வந்த காலம் உனக்கு மங்கலாக நினைவிருக்கும். கதவு, யன்னல் ஒன்றும் இல்லாமல், சுவரில் சதுரச் சதுரமாக ஓட்டைதான் கிடந்தது. நீ வாசலால் வராமல் அந்த ஓட்டைகளால் ஏறிக் குதித்துத் திரிந்தாய். அம்மா தன் கூறைச்சீலையைத் தவிர மற்ற எல்லாச் சேலையையும் அந்த ஓட்டைகளில் கட்டிவிட்டு, "காத்தோட்டம் நல்லாத்தான் கிடக்கு" என்றா. இல்லாததை இருக்கென்று சொல்கிற ஆள் அவ. ஆகையால் அவ "பரவாயில்லை" என்று தொலைபேசியில் உனக்குச் சொன்னால் நம்பாதே. கட்டப்போகிற பிள்ளையும் அப்படிச் சொல்கிற நாள் வரும். சொன்னதும் நீ நிம்மதிப்பட்டுக் கதிரையில் சாயாதே. எழும்பிப் போய் அவள் இருக்கிற இடத்தில் நீயும் கொஞ்ச நேரம் இருந்து பார். நான் அதைச் செய்யாமல், றேடியோவும் சுண்ணாம்பும் என்று முற்றத்தில்தான் துள்ளிக்கொண்டு நின்றேன்.

இனிச் சொல்லப்போவது பகிடியில்லை. பரமேஸ் ஒரு காலமை செவ்வரத்தையடிக்கு வந்தாள். மொட்டையும் சேர்த்துப் பிடுங்கினாள், கேட்க ஆள் இல்லையென்று. அம்மாவுக்கு அவளைக் கண்ட சந்தோசப் புழுகம். குரல் போகாதென்று தெரியும், அதனால் தேத்தண்ணிக் கரண்டியை எடுத்துக் கண்ணாடியில் தட்டினா. பரமேஸ் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்தது அவளுடைய முகம் மட்டும்தான். ஆளில்லாத வீடு, உள்ளேயிருந்து தட்டுகிறது. பூக்கூடையை எறிந்துவிட்டுச் செருப்பையும் விட்டுவிட்டு ஓடினாள். நான் சத்தம் கேட்டு வந்து பார்த்தபோது அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தா. "என்னைப் பேய் எண்டு நினைச்சிட்டாள், இஞ்சருங்கோ, பேய் எண்டு!" நானும் சேர்ந்து சிரித்தேன். அவளைத் தேடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். பின்னேரம் போவம் என்று இருந்துவிட்டேன்.

அடுத்த நாள் பள்ளிக்கூடப் பெட்டைகள் எங்கள் வீட்டடி வந்ததும் கையைக் கோத்துக்கொண்டு ஓடினார்கள். அதற்கடுத்த நாள் விடிய, அம்மா என்னை மெதுவாகக் கூப்பிட்டா. "உதென்ன வெளியிலை கிடக்கு எண்டு பாருங்கோ." போய்ப் பார்த்தேன். யன்னலுக்கு நேர்கீழே, வாழையிலைத் துண்டில், வெட்டிக் குங்குமம் தடவின தேசிக்காய், கருகின கற்பூரம், கொஞ்சம் சோறு. எங்கள் வீட்டுப் பேயை ஓட்ட ஆரோ கழிப்புக் கழித்திருக்கிறார்கள். மூத்திர நாற்றத்துக்குப் பக்கத்தில் கற்பூர மணம். காலால் தட்டிவிட்டு உள்ளே வந்து "ஒண்டுமில்லை, ஆரோ குப்பை போட்டிருக்கினம்" என்றேன். அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தா. உள்ளே இருக்கிறவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று அந்தப் பெடியன் சொன்னதை மறந்துபோனேன்.

"எனக்கெல்லே கழிச்சிருக்கினம்" என்றா. கோபமில்லை, அழவுமில்லை. "நான் இருக்கிறன் எண்டு இனி ஆருக்கப்பா தெரியும்?" அதன்பிறகு தலையணையைப் பதிக்கச் சொன்னா. ஒழுங்கைப் பக்கம் பார்க்கவில்லை. அன்று முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தா. சாப்பாடு "காணும்", தேத்தண்ணி "வேண்டாம்". அடுத்த நாளும் அப்படித்தான். உன் தொலைபேசி வந்தபோது மட்டும் குரலை மாத்தி, "யன்னல் நல்ல வடிவு ராசா" என்று சொன்னது, நீ கைவைக்காதேங்கோ என்று சொன்ன அதே நாள்தான். நான் குசினிக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போதே முடிவெடுத்துவிட்டேன், உன்னிடம் கேட்கவில்லை. கேட்டால் நீ நல்ல பிள்ளை, ஏதாவது நல்ல யோசனை சொல்லியிருப்பாய். எனக்கு யோசனை வேண்டியிருக்கவில்லை. நிலையைக் கிளப்ப ஒரு அலவாங்குதான் வேண்டியிருந்தது.

பழைய யன்னல்களை, புதிசு பூட்ட வந்தவர்கள் கொண்டுபோய்விட்டார்கள். முன்யன்னல் மட்டும் பாரம் கூட என்று விட்டுவிட்டுப் போனார்கள், ஆட்டுக்குட்டி விழாமலிருக்க அதை உவர்க் கிணற்றுக்கு மூடியாகப் போட்டிருந்தேன். வேலணை மேசனைக் கூப்பிட்டேன். வந்து சுவரைப் பார்த்துவிட்டு "அண்ணை, இதைப் பிடுங்கினால் பூச்சும் சேர்ந்து வரும். கலியாணத்துக்கு முந்தி நிறம் பொருந்தாது, படம் எடுத்தால் அசிங்கமாய்க் கிடக்கும்" என்றார். "படத்திலை நான் அதுக்கு முன்னாலை நிக்கிறன், அசிங்கத்துக்கு அசிங்கம் சரியாப் போகும்" என்றேன். பிடுங்கினோம். உப்பு ஊறின பூச்சு பப்படம்போல வந்தது, நினைத்ததைவிட இரண்டு மடங்கு. அம்மா மட்டும் "ஐயோ, பிள்ளைக்கு என்ன சொல்லப்போறியள், ஐயோ" என்று உள்ளேயிருந்து கத்திக்கொண்டிருந்தா. சோளகம் நேரே அறைக்குள் அடித்தது. அந்தக் காற்றோடு அவவுடைய குரல் ஒழுங்கைக்குப் போனது, நான் அதைத்தான் கவனித்துக்கொண்டு நின்றேன். நிலையை நிறுத்தி, இந்தமுறை நல்ல தண்ணியில் குழைத்து, கல்லுக்கும் மரத்துக்கும் இடையில் இறுக்கியாயிற்று. வெளிப்பூச்சு இன்னும் இல்லை. காயட்டும் என்கிறார் மேசன்.

நேற்றுக் காலமை அந்தோனி வந்தார். திறந்த யன்னலைக் கண்டு மோட்டார்சைக்கிள் தானாகவே நின்றதுபோல நின்றது. கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். அம்மா தலையணையை உயர்த்தாமலே படுத்திருந்தா. "என்ன அக்கா, சுகமே?" என்றார். நான் கதவடியில் நின்று பார்த்தேன்.

"கனடாவாலை இப்பதான் வந்திறங்கினனான்" என்றா உன் அம்மா. "அங்கை நல்ல மீன் இல்லை. பெட்டியைத் தூக்கிக் காட்டு பாப்பம். செவுளையும் காட்டு, ஏமாத்தாதை."

ஆகவே, தம்பி, உன் வீட்டில் மூன்று யன்னல் கனடா, ஒன்று மடத்துவெளி. பெண்வீட்டார் கேட்டால் அப்பனுக்கு விசர் பிடித்துவிட்டது என்று சொல், அது உனக்கும் சுலபம், எனக்கும் வழக்கம். அறைக்குக் குளிரூட்டி பூட்டுகிற கதை இருந்தால் பின்னறையில் பூட்டு, நீங்கள் இரண்டு பேரும் அங்கே படுங்கோ. முன்னறையில் கைவைக்கக் கூடாது. வேலணை மட்டும் போய்வந்ததே கூடிப்போயிற்று, யாழ்ப்பாணத்து மண்டபத்துக்கு அம்மாவைக் கொண்டுவர ஏலாது என்று டொக்டர் திரும்பவும் சொல்லிவிட்டார். தாலி கட்டுகிறதை அவ பார்க்கமாட்டா, போனில் காட்டினாலும் அது பார்த்ததாகாது. முடிந்ததும் பொம்பிளையோடு நேரே இங்கே வா. கலியாணக் கார் என்று அங்கே கறுப்புக் கண்ணாடி போட்டதைத்தான் தருவார்கள். ஒழுங்கையில் திரும்புகிற இடத்திலேயே கண்ணாடியை இறக்கிவிடு. இரண்டு பக்கமும். தூசி வந்தால் வரட்டும், அந்தப் பிள்ளைக்கும் சொல்லிவை. அம்மா கட்டிலில் இருந்தபடி உங்கள் இரண்டு பேருடைய முகத்தையும் பார்க்கவேணும்.